திங்கட்கிழமை டயட் ஏன் வியாழனைத் தாண்டுவதில்லை? சென்னையில் நடந்த ஆய்வு சொல்லும் பதில்

இரவு எட்டரை மணி. தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கினால் சண்முகம் சாலை முழுக்க வெளிச்சம். ஒரு பக்கம் கீரைக்கட்டு, காய்கறி, பழம். இன்னொரு பக்கம் பரோட்டாக் கல்லில் கொத்து பரோட்டா கொத்தும் சத்தம். 'இன்னிக்கு நைட் ரெண்டே ரெண்டு சப்பாத்தி, நிறைய காய்' என்று காலையில் முடிவெடுத்துக் கிளம்பியவர்களில் பலர், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இந்தச் சாலையைக் கடக்கும்போது அந்த முடிவை மறந்திருப்பார்கள். மறக்காதவர்கள், 'திங்கட்கிழமையிலிருந்து பாத்துக்கலாம்' என்று நடையைக் கட்டுவார்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் வேலைக்குப் போய்வரும் இளைஞர்களிடம் கேட்டால், எது நல்ல சாப்பாடு என்று தெளிவாகச் சொல்வார்கள். காய்கறி அதிகம், எண்ணெய் கம்மி, சர்க்கரை கம்மி. இது தெரியாத ஆள் இல்லை. தெரிந்ததைத் தினமும் செய்யத்தான் முடியவில்லை. 'எனக்கு வில்பவர் இல்லைங்க' என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

உண்மையில் சிக்கல் மன உறுதியில்தானா? இதற்கு வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாதாரண எஸ்எம்எஸ்ஸை வைத்துச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்விலேயே பதில் இருக்கிறது.

இப்போதே யோசிக்க என்ன அவசரம்?

முதலில் சில எண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாகின. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அந்த ஆய்வு. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது 'பிரீடயாபடீஸ்' நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரியோ 11.4 சதவீதம்தான்.

பிரீடயாபடீஸ் என்றால் என்ன? வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருப்பது, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 வரை இருப்பது. இந்தக் கட்டத்தில் வலி இல்லை, மயக்கம் இல்லை, பொதுவாக வெளியே தெரியும் தொந்தரவு எதுவும் இல்லை. பல் வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது உடம்பு குரல் கொடுப்பதில்லை. அதனால்தான் மாற வேண்டும் என்ற உந்துதலும் வருவதில்லை.

ஆனால் திரும்பி வர வாய்ப்புள்ள கட்டமும் இதுதான். 28 வயதில் செய்யும் சின்ன மாற்றத்துக்கு 48 வயதில் பெரிய பலன் இருக்கிறது. அந்த 20 வருட இடைவெளிதான் சோம்பலுக்கும் காரணம்.

பசி வருமுன் ஒரு மனசு, வந்த பின் ஒரு மனசு

டேனியல் ரீட், பார்பரா வான் லீவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் அலுவலக ஊழியர்களிடம், 'அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு ஸ்நாக்ஸ் தருவோம், என்ன வேண்டும்?' என்று கேட்டார்கள். பட்டியலில் பழமும் இருந்தது, சாக்லேட் வகையறாவும் இருந்தது. ஒரு வாரம் முன்னால் கேட்டபோது பழத்தைச் சொன்னவர்களில் கணிசமானோர், கையில் வாங்கும் நேரம் வந்ததும் மனம் மாறி மற்றதை எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பசியோடு இருக்கும் நேரத்துக்கான தேர்வுகளில் பழம் இன்னும் பின்தங்கியது.

காலையில் சப்பாத்தி என்று முடிவெடுப்பவரும், இரவு கொத்து பரோட்டா கேட்பவரும் ஒரே ஆள்தான். ஆனால் காலையில் முடிவெடுத்தவருக்கு வயிறு நிறைந்திருந்தது, அவசரம் இல்லை. இரவில் நிற்பவர் ரயிலில் இடிபட்டு வந்திருக்கிறார், மதியம் சாப்பிட்டு ஏழு மணி நேரம் ஆகிவிட்டது, மானேஜரிடம் வாங்கிய டோஸ் இன்னும் காதில் ஒலிக்கிறது. அந்த நேரத்தில் மூளை கேட்பது மூன்றே மூன்று: சூடு, ருசி, உடனே.

ஆக, தவறான நேரத்தில் முடிவெடுக்கச் சொல்லிவிட்டு, 'நீ பலவீனமானவன்' என்று நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம். இரவு எட்டரைக்கு எடுக்க வேண்டிய முடிவைக் காலை எட்டு மணிக்கே எடுத்து, அதற்கான ஏற்பாட்டையும் அப்போதே செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை எப்படிச் செய்வது என்பதைத்தான் எஸ்எம்எஸ் ஆய்வு காட்டுகிறது.

செல்போன் செய்தி தடுத்த நீரிழிவு

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, 2009 ஆகஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. தென்கிழக்கு இந்தியாவில் வேலை பார்க்கும் ஆண்கள் 8,741 பேரைப் பரிசோதித்து, அவர்களில் பிரீடயாபடீஸ் நிலையில் இருந்த 537 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். எல்லோரும் 35 முதல் 55 வயதுக்குள் இருந்தவர்கள்.

முதல் நாளில் 537 பேருக்கும் ஒரே மாதிரி அறிவுரை தரப்பட்டது: இப்படிச் சாப்பிடுங்கள், இவ்வளவு நடங்கள். அதன் பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 266 பேருக்கு அந்த அறிவுரையோடு சரி. மற்ற 271 பேருக்கு மட்டும் அவ்வப்போது செல்போனில் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருந்தன. சாப்பாடு, நடைப்பயிற்சி, அவற்றைத் தொடர்வது எப்படி என்பது பற்றிய சிறு சிறு வரிகள். எல்லோருக்கும் ஒரே செய்தி போகவில்லை. இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியவருக்கு ஒரு மாதிரி, ஏற்கெனவே மாறத் தொடங்கியவருக்கு வேறு மாதிரி என்று மனநிலைக்கு ஏற்பச் செய்திகள் அமைக்கப்பட்டன.

இரண்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. 2013இல் 'லான்செட் டயாபடீஸ் அண்ட் எண்டோகிரைனாலஜி' இதழில் முடிவு வெளியானது. செய்தி வராத குழுவில் 73 பேருக்கு, அதாவது 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்திருந்தது. செய்தி வந்த குழுவில் 50 பேர், 18 சதவீதம். நீரிழிவு வரும் ஆபத்து 36 சதவீதம் குறைந்திருந்தது. வேறு விதமாகச் சொன்னால், 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவருக்கு நீரிழிவு வருவதைத் தடுக்க முடிந்தது.

இரண்டு குழுவுக்கும் அறிவு ஒன்றுதான். அறிவுரையும் ஒன்றுதான். ஒரு குழுவுக்கு மட்டும் அந்த அறிவுரை மறந்துபோகாமல் திரும்பத் திரும்பக் கையில் வந்து விழுந்தது. அதே ஆய்வின் தரவுகளை வைத்து 2014இல் வெளியான இன்னொரு கட்டுரை, சாப்பாட்டுப் பழக்கத்தில் வந்த முன்னேற்றம் உடற்பயிற்சியைச் சாராமலேயே நீரிழிவு ஆபத்தைக் குறைத்தது என்றது. ஜிம்முக்குப் போக நேரமில்லை என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆய்வுக்கு வரம்புகளும் உண்டு. இதில் பெண்கள் இல்லை. 25 வயது ஐடி ஊழியர்களும் இல்லை. ஆனால், வேலைக்குப் போய்க்கொண்டே, அன்றாட வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றாமல், சின்னச் சின்ன நினைவூட்டல்களால் பலன் பெற முடியும் என்பதை நம்மூர் ஆட்களை வைத்தே அது காட்டியது.

எடை இயந்திரத்தை மட்டும் நம்பலாமா?

இதற்கு முன்பே, 2006இல் ராமச்சந்திரன் குழு வெளியிட்ட 'இந்திய நீரிழிவு தடுப்புத் திட்ட' ஆய்வில் இன்னொரு செய்தி இருந்தது. பிரீடயாபடீஸ் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39.3 சதவீதம். மாறிய குழுவின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது.

டயட் இருப்பவர்கள் பலரும் கைவிடும் இடம் எடை இயந்திரம்தான். 'மூணு வாரம் கஷ்டப்பட்டேன், அரைக் கிலோதான் குறைஞ்சிருக்கு' என்று சலித்துப்போய் நிறுத்திவிடுவார்கள். உள்ளே நடக்கும் மாற்றம் எடையில் உடனே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வாரத்தில் எத்தனை நாள் மதியம் காய்கறி சாப்பிட்டோம், எத்தனை நாள் இரவு ஒன்பதுக்குள் சாப்பாட்டை முடித்தோம் என்று எண்ணுவது இதைவிட நல்ல அளவுகோல். எடை நம் கையில் இல்லை; இந்த எண்ணிக்கை நம் கையில் இருக்கிறது.

பயம் எத்தனை நாள் தாங்கும்?

ஆபீசில் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வரும் நாளில் கேன்டீனில் வடை விற்பனை குறைவதும், அடுத்த வாரமே பழைய நிலைக்குத் திரும்புவதும் எல்லோரும் பார்த்த காட்சிதான். பயம் நம்மைத் தொடங்க வைக்கும். தொடர வைப்பது கடினம். பயப்பட வைத்த ரிப்போர்ட்டையே திறந்து பார்க்காமல் தள்ளிப்போடுபவர்களும் உண்டு.

பலருக்குக் கைகொடுப்பது கிட்டத்தில் தெரியும் காரணம். மதியம் மூன்று மணி மீட்டிங்கில் கண் சொக்காமல் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் இல்லாமல் இரவு தூங்க வேண்டும். மாதக் கடைசியில் உணவு டெலிவரிக்குச் செலவான தொகையைப் பார்த்து அதிராமல் இருக்க வேண்டும். 2045இல் வரப்போகும் நோயைவிட நாளை மதியத் தூக்கம் நமக்கு நெருக்கமானது. மனசு அதற்குத்தான் சீக்கிரம் செவிசாய்க்கும்.

21 நாளா, 66 நாளா?

'21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும்' என்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் நம்பிக்கை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு இதை நேரடியாகச் சோதித்தது. 96 பேர். ஒவ்வொருவரும் சாப்பாடு, தண்ணீர், உடற்பயிற்சி சார்ந்த ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே சூழலில், உதாரணமாக மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்று 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலேயே கை அதைச் செய்யும் நிலைக்கு வர எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாட்கள். சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள்.

மூன்று வாரத்தில் பழக்கமாகவில்லை என்றால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை, அது இயல்பு. இதைவிட ஆறுதலான தகவலும் அந்த ஆய்வில் உண்டு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்ட நாளோடு எல்லாம் போச்சு என்று நினைக்கத் தேவையில்லை. அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே பழைய பாதைக்கு வந்துவிடலாம். அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருப்பதுதான் நிஜமான இழப்பு.

'எப்போது – என்ன' என்று ஒரே வரி

'இனிமே ஹெல்தியா சாப்பிடணும்' என்பது ஆசை. 'டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் சர்க்கரை கம்மி என்று சொல்வேன்' என்பது திட்டம். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்ளும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரை, இப்படி வரையறுத்துக்கொள்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட இலக்கை எட்டுவது அதிகம் என்று காட்டியது.

புறநகர் வாழ்க்கையின் ஒரு நாளில் இதை எங்கெங்கே பொருத்தலாம்?

காலை: ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முதலில் அடிபடுவது காலை உணவு. அதைத் தவிர்த்தால் 11 மணிக்கு பிஸ்கட்டும் சமோசாவும் உள்ளே வரும். இரவே தண்ணீரில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ, காலையில் குக்கரில் சில விசில். கூடவே இரண்டு முட்டை. இட்லி, தோசையை விட வேண்டாம். ஒன்றைக் குறைத்து, சாம்பாரைக் காய்கறியோடு தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். வரி இதுதான்: 'இரவு பல் தேய்க்கப் போகும்முன் பயறு ஊறப்போடுவேன்.'

மதியம்: சோறும் குழம்பும் கொஞ்சம் பொரியலும் என்பது வழக்கமான டிபன் பாக்ஸ். கொஞ்சம் பொரியலை நிறைய பொரியலாக்கினால் போதும், சோறு தானாகக் குறையும். சாப்பிடும் வரிசையும் உதவும். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி 2015இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், நீரிழிவு உள்ள 11 பேர் காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, ரத்தச் சர்க்கரை உயர்வது கணிசமாகக் குறைந்தது. ஆய்வு சின்னதுதான். ஆனால் செலவே இல்லாத மாற்றம். 'டப்பாவைத் திறந்ததும் முதலில் பொரியல்.'

சாயங்காலம்: இங்கேதான் டீ. ஒரு டீயில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் குறைந்தது எட்டு கிராம். நாளுக்கு நான்கு டீ என்றால் 32 கிராம். சேர்க்கும் சர்க்கரையை நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. ஒரேயடியாக 'வித்அவுட்'டுக்குப் போக வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்கலாம். நாக்கு பழகிவிடும். தொட்டுக்கொள்ள பஜ்ஜிக்குப் பதில் சுண்டலோ வேர்க்கடலையோ.

இரவு: நாளின் மிகக் கடினமான நேரம். மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆரிலிருந்து பஸ்ஸில் வந்தாலும், பீச்–தாம்பரம் ரயிலில் வந்தாலும், வீடு சேர எட்டரை ஒன்பதாகும். அத்தனை பசியோடு அந்தச் சாலையைக் கடக்காமல் இருப்பதே தீர்வு. ஆறரை மணிக்கு ஆபீசை விட்டுக் கிளம்பும்போதே ஒரு வாழைப்பழமோ ஒரு பிடி கடலையோ சாப்பிட்டுவிட்டால், பரோட்டாக் கல்லின் வாசனைக்கு அவ்வளவு சக்தி இருக்காது.

சோறை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் போதுமா?

உற்சாகத்தோடு தொடங்குபவர்கள் முதலில் செய்வது இதைத்தான்: அரிசியை நிறுத்திவிட்டு சப்பாத்தி, ராகி, கம்பு. இது குறித்து 2025இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான இண்டியாப் ஆய்வின் அடுத்த கட்ட முடிவுகள் கவனிக்கத்தக்கவை. இந்தியர்கள் சாப்பிடும் மொத்த ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை அல்லது சிறுதானிய மாவு என்று ஆளை மட்டும் மாற்றியதில் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஐந்து சதவீதத்தைப் பருப்பு, பயறு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றுவது குறைந்த ஆபத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

ராகி நல்லதுதான். ஆனால் நான்கு தோசை சாப்பிட்ட இடத்தில் நான்கு ராகி தோசை என்றால் பெரிய வித்தியாசம் வராது. மூன்றாக்கி, கூடவே ஒரு கிண்ணம் பயறு வைத்தால் வரும்.

எவ்வளவு என்று அளவு வேண்டுமானால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தராசு தேவையில்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருந்தால் கிட்டத்தட்ட சரிதான்.

'வீட்டுல எனக்கு மட்டும் தனியா சமைப்பாங்களா?'

இதுதான் பலரும் வெளியே சொல்லாத சிக்கல். மகன் டயட் தொடங்கினால் அம்மாவுக்குக் காலை ஐந்து மணி நாலரை ஆகிறது. மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால், 'எனக்குப் பொரியல் நிறைய வை' என்ற ஒரு வரி அவருக்கு இன்னொரு அரை மணி நேர வேலை. வேறொருவர் உழைப்பில் ஓடும் டயட் நீடிக்காது. சீக்கிரமே வீட்டில் முகம் சுளிப்பும் சண்டையும்தான் மிஞ்சும்.

முதல் படி, தனி மெனு வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் செய்யும் சாப்பாட்டிலேயே அளவை மாற்றலாம். இரண்டாவது, வேலையைப் பங்கு போடலாம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் காய் வாங்கி, பீன்ஸ், கேரட், கோஸ் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது, மாறப்போகிறவரின் பொறுப்பு. கீரை ஆய்வது டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைதான்.

பிஜியில் தங்கியிருப்பவர்களுக்குச் சமையலறை கிடையாது. முட்டை வேகவைக்க ஒரு சின்ன மின்சாரப் பாத்திரம், பழம், வறுத்த கடலை, தயிர், வெள்ளரிக்காய் போதும். மெஸ்ஸில் சாப்பிடும்போது இரண்டாவது முறை சோறு வாங்குவதற்கு முன் கூட்டோ பொரியலோ இன்னொரு கரண்டி கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கூட ஆள் இருந்தால் இன்னும் நல்லது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் சென்னையில் 578 பேரை வைத்து நடத்திய 'டி-கிளிப்' ஆய்வில், பங்கேற்றவர்கள் வாராவாரம் குழுவாகக் கூடிப் பழக்க மாற்றத்தைக் கற்றுக்கொண்டார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் நீரிழிவு ஆபத்து 32 சதவீதம் குறைந்தது. ஆபீசில் மதியம் சேர்ந்து சாப்பிடும் நான்கு பேர் 'வாரத்துக்கு நாலு நாள் வீட்டுச் சாப்பாடு' என்று பேசி வைத்துக்கொண்டாலே அது ஒரு குழுதான்.

போன் இப்போது யார் பக்கம்?

ராமச்சந்திரன் குழு ஆய்வு நடத்திய காலத்தில் செல்போன் எஸ்எம்எஸ் தரும் கருவி. இன்று அதே கருவி சாயங்காலம் ஆறு மணிக்கு, 'பசிக்குதா? பிரியாணி 50 சதவீதம் தள்ளுபடி' என்று நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது. நினைவூட்டலின் சக்தியை உணவு ஆப்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன.

அதே சக்தியை நம் பக்கம் திருப்ப ஐந்து நிமிடம் போதும்:

• உணவு ஆப்களின் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள். ஆப்பை அழிக்க வேண்டாம். வேண்டும்போது நீங்களே திறக்கலாம்; அது உங்களைக் கூப்பிட வேண்டாம்.

• மாலை ஆறரைக்கு ஒரு அலாரம்: 'கிளம்புறதுக்கு முன்னாடி பழம்.' இரவு பத்துக்கு இன்னொன்று: 'பயறு ஊறப்போடு.'

• வாசகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரே வரியைத் தினமும் பார்த்தால் கண் அதைக் கடந்து போய்விடும்.

• ஒரு நேரத்தில் ஒரே பழக்கம். முதலாவது யோசிக்காமல் நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும். மருந்து அளவை மாற்றாமல் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். சாப்பாட்டைப் பற்றிய குற்ற உணர்வு நாள் முழுக்கத் துரத்துகிறது, பட்டினி கிடப்பதும் பிறகு அளவில்லாமல் சாப்பிடுவதும் மாறி மாறி நடக்கிறது என்றால், அதற்குத் தேவை டயட் அல்ல, மனநல ஆலோசனை.

30 வயதைத் தாண்டியவர்களும், பெற்றோருக்கு நீரிழிவு இருப்பவர்களும், இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டியவர்களும் ஒருமுறை ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைக் கட்டணமில்லாமல் செய்துகொள்ளலாம். ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் கூடியிருந்தால் பதற வேண்டாம். சென்னை ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் அத்தனை பேரும் அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

இப்போது போனைக் கையில்தான் வைத்திருக்கிறீர்கள். நாளை எந்த வேளையில், எந்த ஒன்றை மாற்றப்போகிறீர்கள் என்று ஒரே வரி எழுதி, அந்த வேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் அலாரம் வைத்துவிடுங்கள். திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.